ரம்ப மேஜைக்கு ஒரு நேர்வேலி... மரமும் பிசகாது, விரலும் பத்திரம்!

வீட்டிலேயே மரவேலை செய்பவர்கள் கைப்பட செய்துகொள்ளக்கூடிய 'ரிப் ஃபென்ஸ்'. செய்முறையும், செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவையும்!

அலமாரிக்கு 3 அங்குலச் சட்டம் நான்கு வேண்டும். டேப் பிடித்து அளந்தாயிற்று, பென்சில் கோடும் போட்டாயிற்று. ரம்பத்தில் விட்டு அறுத்து, நான்கையும் அடுக்கிப் பார்த்தால் ஒரு முனையில் சரியாக 3 அங்குலம். மறுமுனையில் ஒரு நூல் குறைவு. தச்சர்கள் பேச்சில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 3 மில்லிமீட்டர். கேட்கச் சின்னதுதான். ஆனால், அந்தச் சட்டத்தை வைத்துக் கதவு செய்தால் மூலை சேராது. டிராயர் செய்தால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும்.

உடனே ரம்பத்தின் மேல் பழி போடுவோம். 'இன்னும் கொஞ்சம் நல்ல மெஷினா வாங்கியிருக்கலாம்' என்று தோன்றும். பெரும்பாலும் குற்றம் மெஷின் மீது இல்லை. மரம் எதைத் தொட்டுக்கொண்டு நகர்ந்ததோ, அந்தப் பலகைதான் கோணல். அந்தப் பலகைக்குத்தான் 'ரிப் ஃபென்ஸ்' என்று பெயர். அது கோணலாக இருந்தால் சட்டம் மட்டும் கெடுவதில்லை, அறுப்பவரின் கைக்கும் ஆபத்து. நேராக இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் சரியாகிவிடும். அதனால்தான் புது ரம்பம் வாங்கும் யோசனைக்கு முன்பு ஃபென்ஸைச் சரி செய்யச் சொல்கிறார்கள் அனுபவசாலிகள்.

காவி நூலில் இருந்து ஃபென்ஸ் வரை

மரத்தின் நார் ஓடும் திசையிலேயே, நீளவாக்கில் அறுப்பதை ஆங்கிலத்தில் 'ரிப்' என்பார்கள். நம் ஊரில் 'மரத்தைக் கிழிப்பது' என்போம். மின்சார ரம்பம் வருவதற்கு முன், காவியில் நனைத்த நூலை மரத்தின் இரண்டு முனைகளிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கிச் சுண்டுவார்கள். மரத்தில் நேர்கோடு விழும். மேலே ஒருவர், கீழே ஒருவராக நின்று பெரிய ரம்பத்தை இழுப்பவர்கள் அந்தக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்கள்.

வட்ட ரம்பம் வந்ததும் கதை மாறியது. 1777-லேயே இங்கிலாந்தைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் என்பவர் வாங்கிய காப்புரிமையில் வட்ட ரம்பம் இடம்பெற்றிருக்கிறது. இங்கே ரம்பம் ஒரே இடத்தில் சுழல்கிறது, மரம்தான் நகர்கிறது. கண்ணால் கோட்டைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையாலும் மரத்தை நேராகத் தள்ளுவது நடக்காத காரியம். எனவே பிளேடுக்குப் பக்கத்தில், அதற்கு இணையாக ஒரு வேலி போட்டார்கள். மரத்தின் ஒரு விளிம்பை அந்த வேலியில் ஒட்டித் தள்ளினால் போதும். வேலிக்கும் பிளேடுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ, அவ்வளவு அகலத்துக்குச் சட்டம் கிடைக்கும்.

மரம் ஏன் எகிறுகிறது?

வீட்டில் மரவேலை செய்பவர்கள் பலரும் 7 அங்குல கை ரம்பத்தை வாங்கி, பிளைவுட் மேஜைக்கு அடியில் தலைகீழாக மாட்டி, பிளேடு மட்டும் மேலே தெரியும்படி வைத்துக்கொள்கிறார்கள். நிமிடத்துக்கு 5,000 முறை சுழலும் 7 அங்குல பிளேடின் பல், மணிக்குச் சுமார் 170 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வந்தே பாரத் ரயிலின் அதிகபட்ச ஓட்ட வேகமே 160 கிலோமீட்டர்தான்.

நீங்கள் நிற்கும் பக்கம் இருக்கும் பற்கள் கீழ்நோக்கி இறங்கி, மரத்தை மேஜையோடு சேர்த்து அழுத்துகின்றன. அதுவரை பிரச்னை இல்லை. பிளேடின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி ஏறி, உங்களை நோக்கி வருகின்றன. ஃபென்ஸின் பின்முனை பிளேடு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால், நகர்ந்துபோகும் மரம் ஃபென்ஸுக்கும் பின்பக்கப் பற்களுக்கும் நடுவே நெருக்குப்படும். பற்கள் அதைக் கவ்வித் தூக்கி, பிளேடின் வேகத்தில் உங்கள் வயிற்றையோ நெஞ்சையோ நோக்கி வீசும். இதற்கு 'கிக்பேக்' என்று பெயர்.

மரம் வந்து அடிப்பது பாதி ஆபத்துதான். தள்ளிக்கொண்டிருந்த மரம் திடீரென்று கைக்குக் கீழிருந்து மறைந்துவிட, அழுத்திக்கொண்டிருந்த கை அப்படியே பிளேடின் மேல் போய் விழும். அமெரிக்காவில் மட்டும் டேபிள் சா பிளேடில் கைபட்டுக் காயமடைபவர்கள் ஆண்டுக்கு 30,000-க்கும் அதிகம். இதைத் தடுக்க இயற்பியல் படித்த வழக்கறிஞரான ஸ்டீவ் காஸ், 1999-ல் ஒரு யோசனையோடு இறங்கினார். விரல் பட்டவுடன் உடலின் மின்கடத்தும் தன்மையை வைத்து அறிந்து, சுமார் 5 மில்லி விநாடிக்குள் பிளேடை நிறுத்திவிடும் 'சா ஸ்டாப்' ரம்பம் அப்படி வந்ததுதான். நாம் வீட்டில் செய்யும் மேஜையில் அந்த வசதி கிடையாது. நமக்கு இருக்கும் முதல் காவல், நேரான ஃபென்ஸ்.

'டி' வடிவம்தான் சூட்சுமம்!

மலிவான மெஷின்களோடு வரும் ஃபென்ஸ், பூட்டும்போது லேசாகத் திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு எடுத்து, தட்டித் தட்டிச் சரி செய்ய வேண்டும். அமெரிக்காவில் பில் பீஸ்மேயர் என்பவர் இதற்கு எளிய தீர்வு கண்டார். படம் வரைபவர்கள் பயன்படுத்தும் 'டி' ஸ்கொயரை நினைத்துக்கொள்ளுங்கள். தலைப்பகுதி மேஜை விளிம்பைத் தொட்டபடி நகரும். நீளமான கை எப்போதும் அதற்கு 90 டிகிரியில் நிற்கும். அதே அமைப்பை ஃபென்ஸுக்குக் கொண்டுவந்தார். இன்றும் நல்ல டேபிள் சாக்கள் பலவற்றில் இருப்பது இந்த வகைதான்.

இதன் பலம் மூன்று புள்ளிகளில் இருக்கிறது. மேஜையின் முன்னால் ஒரு இரும்புப் பைப் ஓடும். ஃபென்ஸின் தலை அந்தப் பைப்பின் பின்புறத்தை இரண்டு இடங்களில் தொடும். முன்புறத்தில், நடுவில், ஒரு போல்ட் அழுத்தும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதுபோல, மூன்று இடங்களில் பிடிக்கும் தலை எத்தனை முறை பூட்டினாலும் ஒரே கோணத்தில் வந்து உட்காரும். இதை பிளைவுட்டிலேயே செய்யலாம்.

என்னென்ன வேண்டும்?

4 அடி அகலம், 2 அடி ஆழம் உள்ள மேஜையை அளவாக வைத்துக்கொள்வோம். மேலே 18 மி.மீ. பிளைவுட், அதன் அடியில் 4 அங்குல உயரச் சட்டம் சுற்றிலும் ஓடுகிறது. மேஜை வேறு அளவில் இருந்தால் நீளங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

• 38 மி.மீ. சதுர இரும்புப் பைப், 4 அடி. சுவர் கனம் 2 மி.மீ.க்குக் குறையாமல்.
• 65 x 65 x 6 மி.மீ. இரும்பு எல்-ஆங்கிள், 4 அடி.
• 18 மி.மீ. பிளைவுட்: 690 x 300 மி.மீ. துண்டு ஒன்று, 600 x 100 மி.மீ. துண்டு ஒன்று, மிச்சம் மீதித் துண்டுகள்.
• 10 மி.மீ. போல்ட் ஒன்று, அதற்கேற்ற டி-நட், கையால் திருக ஒரு பிடி.
• ஆங்கிளைப் பூட்ட 8 மி.மீ. போல்ட், நட், வாஷர் ஆறு செட்.
• 1 மி.மீ. மைகா, ஃபெவிகால், ஸ்குரூ, 3 மி.மீ. கனத்தில் கெட்டியான பிளாஸ்டிக் துண்டு.

பைப் வாங்கும்போது ஒரு விஷயம். கடையில் இரண்டு பைப்பை எடுத்து, பக்கவாட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்று அர்த்தம். நேரான பைப் கிடைக்கும்வரை மாற்றி மாற்றிப் பாருங்கள். பழைய பைப்பாக இருந்தாலும் பரவாயில்லை, நேராக இருக்க வேண்டும்.

செய்முறை

1. தண்டவாளம்

எல்-ஆங்கிளின் ஒரு பக்கம் மேஜைச் சட்டத்தின் முகப்பில் ஒட்டிக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மறுபக்கம் உங்களை நோக்கி வெளியே நீட்டியிருக்க வேண்டும். வெளியே நீளும் பக்கத்தின் மேற்பரப்பு, மேஜையின் மேல்மட்டத்திலிருந்து சரியாக 38 மி.மீ. கீழே வரட்டும். ஆறு போல்ட்டால் சட்டத்தோடு பூட்டுங்கள்.

அதன்மேல் சதுரப் பைப்பை, ஆங்கிளின் வெளி விளிம்போடு சேர்த்து வையுங்கள். இப்போது பைப்பின் மேற்பரப்பும் மேஜையின் மேற்பரப்பும் ஒரே மட்டத்தில் இருக்கும். பைப்புக்கும் மேஜைக்கும் நடுவே 27 மி.மீ. பள்ளம் கிடைக்கும். பைப்பை ஆங்கிளின் அடியிலிருந்து ஸ்குரூ போட்டு இறுக்குங்கள். வெல்டிங் வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தேடிப்பிடித்து வாங்கிய நேரான பைப், அந்தச் சூட்டில் வளைந்துவிடும்.

2. 'டி' பலகை

690 x 300 மி.மீ. பிளைவுட்டை 'டி' வடிவில் வெட்டுங்கள். முன்பக்கம் 85 மி.மீ. வரை முழு 300 மி.மீ. அகலமும் இருக்கட்டும். அதற்குப் பின்னால் நடுவில் 120 மி.மீ. அகலத்துக்கு நீளமான தண்டு. தலையும் தண்டும் சேரும் மூலையைச் சதுரமாக வெட்டாமல் சாய்வாக விடுங்கள், பலம் கூடும். தலையையும் தண்டையும் தனித்தனியாக வெட்டி ஒட்டாமல், ஒரே பலகையில் செய்வதால் நாளடைவில் ஆட்டம் காண மூட்டு என்று எதுவும் இல்லை.

ஃபென்ஸே இல்லாமல் இதை எப்படி நேராக வெட்டுவது? ரம்பத்தை மேஜையில் மாட்டும் முன், ஒரு நேரான பலகையைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, அதன் ஓரமாக ரம்பத்தை ஓட்டுங்கள். பிளைவுட் கடையிலேயே வெட்டித் தருவார்கள் என்றால் இன்னும் நல்லது.

3. தலையின் இரண்டு தாடைகள்

டி பலகையின் முன்பகுதிக்கு அடியில், பைப்பைக் கவ்வுவதுபோல் இரண்டு பிளைவுட் துண்டுகள் தொங்க வேண்டும். பின்தாடை 300 x 32 மி.மீ.; இது அந்த 27 மி.மீ. பள்ளத்துக்குள் இறங்கும். முன்தாடை 300 x 50 மி.மீ.; இது பைப்புக்கு வெளியே, உங்கள் பக்கம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே 45 மி.மீ. இடைவெளி விட்டு, ஃபெவிகால் தடவி ஸ்குரூ போடுங்கள்.

பின்தாடையின் உள்பக்கம், இரண்டு ஓரங்களிலும் 3 மி.மீ. பிளாஸ்டிக் துண்டை ஒட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே 250 மி.மீ. இருக்கட்டும். நாம் சொன்ன மூன்று புள்ளிகளில் இரண்டு இவைதான். முன்தாடையின் நடுவில் துளை போட்டு டி-நட்டை அடியுங்கள். கவனம்: டி-நட்டின் தட்டையான பக்கம் உள்ளே, பைப்பைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் போல்ட்டை இறுக்க இறுக்க நட் மரத்துக்குள் இன்னும் அழுந்தும். மாற்றி அடித்தால், நாலு முறை இறுக்கியதும் நட் வெளியே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

கடைசியாக, டி பலகை பைப்பின் மேல் உட்காரும் இடத்திலும், தண்டின் வால்முனைக்கு அடியிலும் சின்ன மைகா துண்டுகளை ஒட்டுங்கள். பலகை மேஜையிலிருந்து 1 மி.மீ. உயர்ந்து, உரசாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

4. முகப்பலகை

மரம் உரசிக்கொண்டு நகரப்போவது இந்தப் பலகையில்தான். 600 x 100 மி.மீ. துண்டு. பிளைவுட் ஷீட்டின் கம்பெனி விளிம்பு மிக நேராக இருக்கும் என்பதால், அந்த விளிம்பு கீழே வருமாறு வையுங்கள்.

பலகை நேராக இருக்கிறதா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. அதன் விளிம்பை ஒட்டிக் கூர்மையான பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பலகையை மறுபக்கம் புரட்டி, அதே விளிம்பைக் கோட்டின் இரு முனைகளிலும் சேர்த்து வைத்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் விளிம்பு நேர். நடுவில் இடைவெளி தெரிந்தால், அதில் பாதிதான் உண்மையான வளைவு. முகத்தின் நேரைப் பார்க்க, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூலுக்கும் பலகைக்கும் நடுவே எங்கும் வெளிச்சம் தெரியக் கூடாது.

மைகா ஒட்டும்போது இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை காலப்போக்கில் வில்போல வளையும். கீழ்விளிம்பில் வெளிப்பக்கமாக 3 மி.மீ. சாய்வாகத் தேய்த்துவிடுங்கள். மரத்தூள் அந்த இடுக்கில் போய்விடும். இல்லையென்றால் தூள் சேர்ந்து மரத்தை ஃபென்ஸிலிருந்து தள்ளி நிறுத்தும்.

இந்தப் பலகையை டி தண்டின் பிளேடு பக்க விளிம்பில், அடிப்பாகம் ஒரே மட்டமாக இருக்கும்படி ஒட்டி ஸ்குரூ போடுங்கள். பிளைவுட் விளிம்பில் நேரடியாக ஸ்குரூ அடித்தால் பிளந்துகொள்ளும். முதலில் சின்னத் துளை போட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கம் முக்கோணத் துண்டுகள் நான்கு வைத்துத் தாங்கு கொடுங்கள். ஒவ்வொரு முக்கோணத்தையும் வைக்கும்போது மூலைமட்டம் பிடித்து, முகப்பலகை மேஜைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். பசை முழுதாகக் காய ஒரு நாள் விடுங்கள்.

ஒரு தாள் தடிமன்!

இனிமேல் வரும் அரை மணி நேர வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியம். முதலில் ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பிளேடின் ஒரு பல்லில் மார்க்கர் பேனாவால் புள்ளி வையுங்கள். அந்தப் பல்லைக் கையால் சுற்றி முன்பக்கம் கொண்டுவந்து, பல்லுக்கும் ஃபென்ஸுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளந்து பாருங்கள். ஏன் அதே பல்? பிளேடில் கண்ணுக்குத் தெரியாத வளைவு இருக்கலாம். முன்னால் ஒரு பல், பின்னால் வேறு பல் என்று அளந்தால், பிளேடின் குறை ஃபென்ஸின் குறையாகத் தெரியும்.

இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கம் ஒரு தாள் கனத்துக்கு விலகியிருந்தால் பரவாயில்லை. பின்பக்கம் பிளேடை நோக்கி நெருங்கியிருக்கவே கூடாது. அப்படி நெருங்கியிருந்தால்தான் மரம் மாட்டிக்கொண்டு எகிறும்.

சரி செய்வது சுலபம். பின்தாடையில் ஒட்டிய இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளில் ஒன்றின்மேல் காகிதத் துண்டு ஒட்டினால், ஃபென்ஸ் லேசாகத் திரும்பும். சாதாரண ஜெராக்ஸ் தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ. அதை ஒரு பக்கம் வைத்தால், வால்முனை கால் மில்லிமீட்டர் நகரும். பிளேடுக்கு அருகே இருக்கும் பக்கத்துத் துண்டில் ஒட்டினால் வால் ஒரு திசையிலும், மறுபக்கத் துண்டில் ஒட்டினால் எதிர்த்திசையிலும் போகும். ஒட்டிப் பூட்டி, அளந்து, தேவைப்பட்டால் மறுபடி ஒட்டி... சரியான அளவு கிடைத்ததும், காகிதத்தை எடுத்துவிட்டு அதே கனத்தில் பிளாஸ்டிக் டேப் ஒட்டிவிடுங்கள்.

பிறகு ஃபென்ஸைத் தளர்த்தி, நகர்த்தி, பூட்டி, பத்து முறை அளந்து பாருங்கள். பத்து முறையும் இணையாக நின்றால் உங்கள் ஃபென்ஸ் பாஸ். கனமான மரம் அறுக்கும்போது வால்முனையில் ஒரு சி-கிளாம்ப் போட்டுக்கொண்டால் கூடுதல் பிடிமானம்.

இவ்வளவு வேலைக்கு நேரமில்லை, இரண்டே சட்டம்தான் அறுக்க வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி: நேரான பலகையை முன்னும் பின்னும் கிளாம்ப் போட்டுப் பிடித்தாலே அதுவும் ஃபென்ஸ்தான். ஒவ்வொரு முறையும் மேலே சொன்ன ஒரே-பல் அளவை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஃபென்ஸ் மட்டும் போதாது

பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு: சில மரங்கள் அறுபட்டதும் உள்ளிருக்கும் இறுக்கம் தளர்ந்து, வெட்டு வாயை மூடிக்கொள்ளும். அப்போது ஃபென்ஸ் நேராக இருந்தாலும் பிளேடு மாட்டிக்கொள்ளும். பிளேடுக்குப் பின்னால், அதே நேர்க்கோட்டில் ஒரு மெல்லிய தகட்டை நிறுத்தினால் வாய் மூடாது. பிளேடின் உடல் கனத்தை விடச் சற்று அதிகமாகவும், வெட்டின் அகலத்தை விடச் சற்றுக் குறைவாகவும் தகடு இருக்க வேண்டும். உங்கள் ரம்பத்தோடு இந்தத் தகடு வந்திருந்தால் கழற்றிப் போடாதீர்கள்.

தள்ளுகோல்: பிளேடுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் கை போகவே வேண்டாம். பிளைவுட்டில் நுனியில் பள்ளம் வெட்டிய ஒரு குச்சி போதும். ஃபென்ஸிலேயே ஒரு ஆணி அடித்து, அதில் தொங்கவிடுங்கள். கைக்கெட்டாத இடத்தில் இருக்கும் தள்ளுகோலை யாரும் தேடிப்போய் எடுப்பதில்லை.

குறுக்கு வெட்டுக்கு ஃபென்ஸ் வேண்டாம்: நீளமான சட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டும்போது அதன் முனையை ஃபென்ஸில் முட்டவைத்து வெட்டக் கூடாது. வெட்டுப்பட்ட துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே சிக்கி, சுழன்று பறக்கும்.

நிற்கும் இடம்: பிளேடுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், சற்று விலகி நில்லுங்கள். பிளேடு மரத்துக்கு மேல் ஒரு பல் உயரம் தெரிந்தால் போதும்.

உடை: லுங்கி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி, கைக்கடிகாரம் எதுவும் கூடாது. நீண்ட கூந்தல் என்றால் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி அவசியம். கையுறை வேண்டாம். அதன் நூல் பல்லில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

கரன்ட் கட்: கை ரம்பத்தைத் தலைகீழாக மாட்டுபவர்கள், அதன் ஸ்விட்சை டேப் போட்டுக் கட்டிவிட்டு, சுவர் ஸ்விட்சில் ஓட்டுவதைப் பார்க்கலாம். ஓடும்போது கரன்ட் போகிறது. பிளேடில் மாட்டிய துண்டை எடுக்கக் கை வைக்கிறீர்கள். கரன்ட் திரும்பி வந்தால்? மோட்டாருக்கு வைக்கும் பச்சை, சிவப்பு பட்டன் ஸ்டார்ட்டர் ஒன்றை மேஜையின் முகப்பில், முழங்கால் எட்டும் இடத்தில் வையுங்கள். கரன்ட் போனால் அது விழுந்துவிடும். மறுபடி பச்சையை அழுத்தினால்தான் ஓடும். தானாகவே ஸ்டார்ட் ஆகும் ஆட்டோ வகை மட்டும் வேண்டாம்.

மார்பிள் கட்டர் வேண்டவே வேண்டாம்: கல் வெட்டும் 4 அங்குல மெஷினில் மரம் வெட்டும் பிளேடை மாட்டி, மேஜைக்கு அடியில் வைப்பவர்கள் உண்டு. அது நிமிடத்துக்குச் சுமார் 12,000 முறை சுழலும். பல் வைத்த மர பிளேடுக்கு அந்த வேகம் ஆகாது. எவ்வளவு நேரான ஃபென்ஸும் அந்த மேஜையைப் பாதுகாப்பானதாக ஆக்காது.

ஒருவேளை விரல் அடிபட்டுவிட்டால்...

வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இது. அடிபட்டவரால் அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. முதலில் மெஷினை நிறுத்துங்கள். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கி வையுங்கள். 108-ஐ அழையுங்கள்.

விரல் துண்டாகியிருந்தால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். விரலை நேரடியாக ஐஸில் வைத்தால் திசுக்கள் உறைந்து கெட்டுப்போகும், மறுபடி பொருத்த முடியாமல் போகலாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித்துறை இயங்குகிறது. உங்கள் ஊருக்கு அருகில் விரலை இணைக்கும் வசதி எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து, அந்த எண்ணை மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

முதல் வெட்டு

ஃபென்ஸ் தயார், அளவும் எடுத்தாயிற்று. உடனே விலை உயர்ந்த தேக்கை எடுத்து வைக்காதீர்கள். 2 அடி நீளத்தில் வேண்டாத பிளைவுட் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நேரான விளிம்பை ஃபென்ஸில் சேர்த்து, நிதானமாக, நிறுத்தாமல் தள்ளுங்கள். வெட்டு முடிந்ததும் மெஷினை அணைத்து, பிளேடு முழுதாக நின்ற பிறகு பட்டையை எடுங்கள்.

இரண்டு முனைகளையும் அளந்து பாருங்கள். ஒரே அளவு வருகிறதா? வெட்டின் முகத்தில் கருகல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபென்ஸ் பக்கத்து முகம் கருகியிருந்தால் பின்முனை இன்னும் நெருங்கித்தான் இருக்கிறது. ஒரு தாள் அளவு திருப்புங்கள். கருகலும் இல்லை, இரண்டு முனையும் ஒரே அளவு என்றால், அடுத்த விடுமுறைக்கு அலமாரி வேலையைத் தொடங்கலாம்.

வேலை முடிந்து எழுந்திருக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால், பிளேடின் மேல் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.